தொண்டைமானாற்றில் வந்த அரபிகள்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்களைப் பார்த்துவிட்டு என் சகோதரியின் மகன் கல்கியின் நாவலை எடுத்து வாசித்தான். இரண்டாம் பாகம் முடிந்த அன்று கேட்டான்: “மாமா, தொண்டைமானாற்றுப் பக்கம் வாற அரபிக்காரர் எல்லாரும் ஏன் கெட்டவங்களாவே இருக்கினம்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வடமராட்சிக் கரையில் நடக்கும் அந்தப் பகுதியில் அராபியர் சோழர் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள், கொல்லுகிறார்கள், பின் கதையைவிட்டு மறைந்துபோகிறார்கள். மனதில் நிற்கும் பெயர் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. இத்தனைக்கும் கல்கி எதிரிகளை அலட்சியம் செய்பவர் அல்லர். ரவிதாசன் கூட்டத்துக்கு வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கும் நியாயம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அரபிக்கு அதுவும் இல்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடரில் புயலுக்குமுன் ஓர் ஆபத்து தேவைப்பட்டது. வெளியாள் அதற்குக் கைகொடுத்தான்.

இப்போது இதை ஏன் பேசவேண்டும்? பெருங்கதைகள் எல்லாம் இணையத் திரைக்குப் போகும் காலம் இது. ஐந்து பாக நாவலை மணிரத்னம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குள் சுருக்கினார். முதற்படம் வந்த அதே 2022 செப்டெம்பரில் அமேசன் நிறுவனம் டோல்கீனின் உலகைத் தொடராக்கி, முதற்பருவத்தை எட்டு அத்தியாயங்களாக வெளியிட்டது. உரிமைக்கு மட்டும் சுமார் 250 மில்லியன் டொலர் கொடுத்ததாகச் செய்திகள் சொல்லின. அத்தொடருக்கு முழு நாவல்கூட மூலமாக இருக்கவில்லை. பெரும்பாலும் நாவலின் பின்னிணைப்புகள்தான். மிச்சத்தை எழுத்தாளர்கள் இட்டு நிரப்பினார்கள். ‘மூலத்தை மாற்றலாமா’ என்ற கேள்விக்கு இனி அர்த்தம் குறைவு. எந்த இடைவெளியை யார் எப்படி நிரப்புகிறார்கள் என்பதே கேள்வி.

டோல்கீனிலும் தெற்கத்தியர் தீயவனின் படையாட்களாகவே வருகிறார்கள். ஆனால் அங்கே ஓர் இடம் உண்டு. செத்துக்கிடக்கும் தெற்கத்திய வீரனைப் பார்த்து, இவன் உண்மையில் கெட்டவன்தானா, எந்தப் பொய் இவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று சாம் நினைக்கிறான். பீற்றர் ஜாக்சனின் இரண்டாம் படத்தின் நீட்டிய பதிப்பில் அந்த எண்ணம் ஃபராமிரின் வாய்க்கு மாறியது, கைவிடப்படவில்லை. எதிரியும் ஒரு வீட்டிலிருந்து வந்தவன் என்று உணர ஒரு நிமிடம் போதும்.

2019இல் ‘பொன்னியின் செல்வன்’ இணையத் தொடராக வருமென்று சௌந்தர்யா ரஜினிகாந்த் அறிவித்தார், அது வந்துசேரவில்லை. நாளைக்கு இன்னொருவர் எடுக்கக்கூடும். பத்து மணி நேரம் கையில் இருப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் பாரமில்லை. சரக்கும் வரலாற்றிலேயே கிடக்கிறது. கதை நடக்கும் காலத்துக்குப் பல தலைமுறை பிந்தி, 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் தந்தான் என்றும் எழுதிவைத்தார். இந்தக் கடலில் அரபியும் தமிழனும் வெட்டிக்கொண்டது மட்டுமில்லை, பேசியும் இருக்கிறார்கள்.

1990 ஒக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேற்றினார்கள். அதற்குக் கல்கி பொறுப்பு என்று சொன்னால் அது அபாண்டம். ஆனால் ஒரு சமூகத்தைக் கரையில் இறங்கிய அந்நியராகப் பார்க்கும் பழக்கம் துவக்கால் மட்டும் உண்டாவதில்லை. நாம் ரசித்து வாசித்த கதைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

மருமகனிடம் கடைசியில் சொன்னேன்: “கல்கி எழுதாமல் விட்டதை நீ எழுது.” அவன் சிரித்தான். “அதுக்கு 250 மில்லியன் வேணுமே மாமா” என்றான். எழுதுவதற்கு வேண்டாம்.