ஆட்டோ வீடும் அடைமழையும்

ஆட்டோ மேல் வீடு கட்டிய அருண் பிரபுவின் 'சோலோ 01' படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. 2019இல் சென்னையில் செய்தது. 2021இல் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் பாராட்டியதும் இன்னொரு சுற்று வந்தது. ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடி. அதற்குள்ளேயே படுக்கை, சமையலிடம், குளியல் தொட்டி, கழிப்பறை. 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் பேனல். மாடியில் நிழலோடு உட்கார ஓர் இடம். செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய்.

இடத்தை மடித்து மடித்து வைத்திருக்கும் விதம் அபாரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அதைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் மேலே நான் எழுதியது போன்ற பட்டியல்தான். படங்களிலும் நல்ல வெயில். சாந்தோமில் இருந்துகொண்டு அதைப் பார்க்கிறவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி: ஐப்பசி கார்த்திகையில் இதற்குள் எப்படி இருக்கிறது?

சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். சோலார் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். நல்ல வெயில் நாலு மணி நேரம் கிடைத்தால் 2.4 யூனிட். கருமேகம் கட்டிய நாளில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது, 0.6 யூனிட். ஜன்னலை அடைத்துக்கொண்டு புழுக்கத்தில் படுத்தால் 50 வாட் மேசை விசிறியே பத்து மணி நேரத்தில் அரை யூனிட்டைத் தின்றுவிடும். மிச்சத்தில் ஒரு விளக்கும் போன் சார்ஜும். அதுவும் முதல் நாள்தான். மழை விடாமல் மூன்று நாள் பெய்தால் பேட்டரி என்ன ஆகும்?

மின்சாரத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது ஈரம். சோறு பொங்கும் ஆவி, குளித்த ஈரம், நனைந்த துணி, சொட்டுகிற குடை எல்லாம் ஒரே 36 சதுர அடிக்குள். சின்ன வீடு எதுவுமே தன் சுவருக்குள் மட்டும் வாழ்வதில்லை. நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் பக்கம் போனால் தெரியும்: துணி காய்வது வராந்தாவில், பாத்திரம் கழுவுவது வாசலில், சாயங்காலப் பேச்சு படிக்கட்டில். மழை பிடித்ததும் அத்தனையும் உள்ளே வந்துவிடும். சோலோவுக்கு அந்த வாசல்தான் மாடி. மழை முதலில் பறிப்பதும் அதைத்தான்.

தோரோ வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் கட்டிய குடிசைக்கு 1845 ஜூலையில் குடிபோனார். அப்போது சுவருக்குப் பூச்சு இல்லை, புகைபோக்கியும் இல்லை. குளிர் வருவதற்குள் இரண்டையும் அவரே செய்து முடித்தார். அவருடையது 150 சதுர அடி என்பதையும் கவனிக்கணும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறேன்? ஊர் சுற்றுகிற ஒருவருக்கான வண்டி என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். சேரி வீடுகளை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த யோசனை இது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அளவுகோலும் அங்கிருந்துதான் வரணும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் அடித்தபோது வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள், மூன்று சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு பெட்டியை நினைத்தாலே கொஞ்சம் பதறுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இது மற்ற எந்தச் சிறு வீட்டையும் ஜெயிக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் தண்ணீர் ஏறியபோது வீட்டை விட்டுவிட்டு ஓடினார்கள்; இதுவோ வீட்டோடு மேட்டுக்குப் போகக்கூடியது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்து, தெருவில் தண்ணீர் ஏறுவதற்குள் கிளம்பினால்.

அடுத்த வடிவம் ஒன்று வந்தால், சோலார் எத்தனை வாட் என்று பார்க்க மாட்டேன். ஈரத்துணிக்குக் கொடி எங்கே கட்டுவது, செருப்பை எங்கே கழற்றுவது என்றுதான் தேடுவேன்.