கொழும்பு: பூங்கா நகரத்திலிருந்து துறைமுக நகரம் வரை

இரவு வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கையில், என்னிடம் முன்பு படித்த ஒருவர் கைத்தொலைபேசியில் கொழும்புத் துறைமுக நகரத்தின் விளம்பரப் படத்தைக் காட்டினார். "பாருங்கோ சேர், சிங்கப்பூர் தோத்துப்போகும்." நீலக் கடல், பச்சைப் புல்தரை, கண்ணாடிக் கோபுரங்கள். எனக்கு அந்த உற்சாகத்தில் உடன்பாடில்லை. ஏன் என்பதை இங்கு சொல்ல வேண்டும்.

கொழும்புக்கு இப்படிக் கனவு காண்பது இது முதற்தடவையல்ல. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்பு நகரத் திட்டமிடல் பற்றிய பூர்வாங்க அறிக்கையை எழுதினார். 'கீழைத்தேயத்தின் பூங்கா நகரம்' என்ற கனவு அவருடன் சேர்த்தே பேசப்படுகிறது. அவர் ஸ்கொட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியலாளர். 1914இல் அவருடைய நகரக் கண்காட்சியை இந்தியாவுக்கு ஏற்றிவந்த கப்பலை 'எம்டன்' மூழ்கடித்தது. ஆனாலும் மீண்டும் பொருள் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். தென்னிந்திய நகரங்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளின் சாரம் இதுதான்: முதலில் கள ஆய்வு, பிறகே திட்டம். நெருக்கமான குடியிருப்பைத் தரைமட்டமாக்கி அகன்ற வீதி போடுவதை அவர் எதிர்த்தார். மிகக் குறைவாக இடித்து, இருப்பதைத் திருத்த வேண்டும் என்றார்.

ஆட்சியாளர்கள் அவருடைய பூங்காவை எடுத்துக்கொண்டு ஆய்வை விட்டுவிட்டார்கள். நிழல்மரங்கள் கறுவாத்தோட்டத்துக்குக் கிடைத்தன. தோட்டம் என்ற பெயர் மட்டுமே வாழைத்தோட்டத்துக்கு மிஞ்சியது.

அடுத்து வந்தவர் பற்றிக் அபர்குரொம்பி. அவருடைய 1948ஆம் ஆண்டுத் திட்டம் கொழும்பின் நெரிசலை ரத்மலானை, ஹோமாகம, ராகம என்ற துணைநகரங்களுக்குப் பகிர நினைத்தது. இதே மனிதர்தான் 1944இல் பெரும் இலண்டன் திட்டத்தில் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் வரைந்தார். இல்ஃபோர்டுக்கு வடக்கே ஃபெயார்லொப் வெளியில் நடக்கும்போது அந்த வளையத்துக்குள்தான் நடக்கிறேன். இங்கே அந்தக் கோட்டுக்குச் சட்டம் காவல் நின்றது. அங்கே கொழும்பின் சதுப்புநிலங்கள் துண்டுதுண்டாக நிரப்பப்பட்டன. 2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே புகுந்தது.

இங்கிலாந்தைப் புகழ்வது என் நோக்கமல்ல. இல்ஃபோர்டிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள றோயல் டொக்ஸ் 1981இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், உள்ளூர்ச் சபைகளிடமிருந்த திட்டமிடல் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்தது. கோபுரங்கள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே வீடு எட்டாக்கனியானது.

துறைமுக நகரமும் அந்த வழியில்தான் செல்கிறது. 2014இல் வேலை தொடங்கியது. கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கினார்கள். 2021இல் சட்டம் இயற்றி அதைத் தனி ஆணைக்குழுவிடம் கொடுத்தார்கள். அந்த மண் கடலடியிலிருந்து வந்தது. அந்தக் கடலில் வலை போட்ட நீர்கொழும்பு மீனவர் 2016இல் உண்ணாவிரதம் இருந்தனர். கொம்பனித்தெருவில் 2010இலேயே இராணுவக் காவலுடன் வீடுகளை இடித்தார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. விளம்பரப் படத்தில் கடல் இருக்கிறது, வள்ளம் இல்லை.

'சிங்கள அரசின் நகரம், எங்களுக்கென்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே உழைத்த காசில் வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டோமா? வீடிழந்து வந்த நாம் மற்றவர் வீடிழப்பதை அபிவிருத்தி என்று கொண்டாடினால், நமது அகதி வாழ்வு நமக்கு எதையும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

இயற்கை, துறைமுகம், நகரம் என்ற மூன்றையும் சமப்படுத்துவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்திடமும் கெடிஸின் கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்: அங்கே வாழ்பவர்களிடம் போய்ப் பார்த்தீர்களா? இதை நான் அந்தப் பழைய மாணவரிடமும் கேட்டேன். பஸ் வந்துவிட்டது. அவரது பதிலை இந்தப் பக்கங்களில் எழுதும்படி கேட்டிருக்கிறேன்.