எட்டால் வகுத்தால் தீராது

பழைய கணினிக் கருவிகளின் வேகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், உடனே ஒரு வாதம் வந்துவிடுகிறது. ‘மெகாபிட்டில் போட்டிருக்கிறதா? எட்டால் வகு, மெகாபைட் கிடைத்துவிடும். இதில் ஆராய என்ன இருக்கிறது?’ தேர்வுக் கையேடுகள் இதை ஒரு மதிப்பெண் வினாவாக வைக்கின்றன. கைப்பேசிச் செயலிகள் எண்ணைத் தட்டியதும் விடை சொல்லிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு எளிய விதி போதுமே என்று ஆசிரியர்களும் இதற்குப் பரிந்து பேசுகிறார்கள். அந்தப் பரிவை என்னால் ஏற்க முடியவில்லை.

விதியால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 256 கிலோபிட் வேகத்தில் வீடுகளுக்கு வந்தபோது, நொடிக்கு 32 கிலோபைட்டுக்கு மேல் எதிர்பார்க்காதே என்று மக்களுக்குப் புரியவைத்தது இதுதான். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆயிரத்தால் பெருக்குவதா 1024ஆல் பெருக்குவதா என்ற பழைய வழக்கும் மெகா அளவில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்துவிடும். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை.

என் ஆட்சேபம் வேறு. கருவியின் மேல் அச்சடித்திருக்கும் எண் எந்தப் பிட்டுகளை எண்ணியது என்று இந்த விதி கேட்பதே இல்லை. கம்பியில் ஓடும் பிட்டுகள் எல்லாம் நம்முடைய தரவு அல்ல. எழுத்து தொடங்குகிறது, முடிகிறது என்று சொல்லும் பிட்டுகள் உண்டு. கடிகாரம் பிசகாமல் இருக்கச் சேர்த்த பிட்டுகள் உண்டு. பிழை சரிபார்க்கும் பிட்டுகளும் உண்டு. இவற்றைக் கழிக்காமல் வகுத்தால், கணக்கு சரியாக இருக்கும், விடை பொய்யாக இருக்கும்.

சாட்டா ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். முதல் தலைமுறையின் வேகம் 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 மெகாபைட். உண்மையான உச்சம் 150தான், ஏனென்றால் எட்டு பிட் தரவு கம்பியில் பத்து பிட்டாகப் போகிறது. சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிடலாமா? நூறு மெகாபிட் ஈத்தர்நெட் அதற்கும் இடம் கொடுக்காது. அங்கேயும் நான்கு பிட் ஐந்தாக மாறித்தான் போகிறது. கம்பியில் நொடிக்கு 12.5 கோடிக் குறிகள் ஓடுகின்றன. ஆனால் அந்தத் தரத்தை உருவாக்கியவர்கள், சேர்த்த பிட்டுகளைக் கழித்த பிறகே நூறு என்று பெயரிட்டார்கள். ஆகவே அதை எட்டால் வகுத்து 12.5 மெகாபைட் என்பது சரி. ஒரே உத்தியைக் கையாண்ட இரண்டு கருவிகளில் ஒன்று கழிக்காமல் எண்ணியது, மற்றது கழித்து எண்ணியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணால் வகுத்தாலும் அது குருட்டு வகுத்தல்.

ஃபிளாப்பியில் கதை இன்னும் மோசம். 1.44 மெகாபைட் தட்டின் வேகம் 500 கிலோபிட். விதிப்படி நொடிக்கு 62,500 பைட். தட்டு நொடிக்கு ஐந்து முறை சுற்றுகிறது, ஒரு சுற்றில் 512 பைட் கொண்ட 18 பகுதிகள் கிடைக்கின்றன. ஆக 46,080 பைட்தான். மீதி, பகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளிக்கும் அடையாளக் குறிகளுக்கும் போய்விடுகிறது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிற கணக்கை எளிமை என்ற பெயரில் மன்னிக்க முடியுமா?

இதெல்லாம் அருங்காட்சியகச் சமாச்சாரம் என்பவர்கள் பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக வடலூர் போகும் சாலையில் லாரிகளைப் பார்க்கட்டும். லாரி ஏறி நிற்கும் எடைமேடைகளில் எடைகாட்டும் கருவி கணினியோடு பேசுவது பெரும்பாலும் பழைய சீரியல் போர்ட் வழியாகத்தான். 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, முடிவு பிட் ஒன்று என ஓர் எழுத்துக்குப் பத்து பிட் செலவாகிறது. நொடிக்கு 960 எழுத்து. விதி 1,200 என்கிறது. அத்தகைய கருவியின் நினைவகத்திலிருந்து ஒரு மெகாபைட் பதிவை இறக்க 17 நிமிடத்துக்கு மேல் ஆகும். 1,200ஐ நம்பி நிரல் எழுதியவர் பதினைந்து நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுவார். கடைசிப் பதிவுகள் வராமலே போகும். எடைச்சீட்டின் மேல் காசு கைமாறுகிற இடத்தில் இது சின்னப் பிழை இல்லை.

அதே சாலையில் முந்திரி வாங்குகிறவர் 80 கிலோ மூட்டையைப் பார்த்து, இத்தனையால் வகுத்தால் இத்தனை கிலோ பருப்பு என்று விலை பேசுவதில்லை. மாதிரிக் கொட்டைகளை வெட்டி, நல்லது எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று பார்த்த பிறகே வாயைத் திறக்கிறார். வியாபாரத்தில் இவ்வளவு நிதானம் காட்டுகிற ஊர்ப் பிள்ளைக்கு, கணினி வகுப்பில் மட்டும் வெட்டிப் பார்க்காமல் வகுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

எளிய விதி போதும் என்ற வாதம் பிள்ளைகள் மீதுள்ள அக்கறை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது அவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. பத்தில் எட்டுதான் தரவு என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ‘9600 பிட் வேகம், எத்தனை பைட்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘9600 பிட் வேகம், ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, முடிவு பிட் ஒன்று; எத்தனை எழுத்து?’ என்று வினாத்தாள் கேட்கட்டும். வினா ஒரு வரி நீளும், அவ்வளவுதான். தன் விடை எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று சொல்லாத செயலியையும் வகுப்பறையில் அனுமதிக்கக் கூடாது. கருவி தரவை எப்படிக் கட்டி அனுப்புகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எதால் வகுப்பது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.