தோகையும் தாழியும்

நம்மவர் எழுதும் பண்டை வரலாற்றுக் கட்டுரைகளிலே மயில் ஒன்று நெடுங்காலமாக அகவிக்கொண்டிருக்கிறது. சாலமோன் மன்னனுடைய கப்பல்கள், தீர் நகரத்து ஈராம் மன்னனின் கப்பல்களோடு சென்று, மூன்றாண்டுக்கொரு முறை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்று விவிலியம் கூறுகின்றது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘துக்கி’. அது நமது ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலியோர் கருதினர். 1859இல் இலங்கையைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் வெளியிட்ட எமேர்சன் ரெனன்ற் ஒரு படி மேலே சென்றார். அக்கப்பல்கள் நாடிய தர்சீசு என்னும் துறை நமது காலியே என்றார். அவர் அதைச் சொல்லி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் விழா மலர் எதனை விரித்தாலும், அம்மயில் நேற்றுத்தான் கண்டுபிடிக்கப்பட்டது போன்ற பெருமிதத்தோடு எதிர்ப்படுகின்றது.

சொல்லொற்றுமை பொய் என்பது எமது வாதமன்று. துக்கிக்கும் தோகைக்கும் உறவிருக்கலாம். மொழிநூலார் பலர் அதனை ஏற்பர். ஆனால் ஒரு சொல் கடல் கடந்தது என்பதனால், அச்சொல்லுக்கு உரியவனே கப்பல் செலுத்தினான் என்றாகிவிடாது. பண்டம் பத்துக் கை மாறும்போது பெயரும் பத்து வாய் மாறும். மேசை, அலுமாரி, சாவி என்று நாள்தோறும் போர்த்துக்கேயச் சொற்களை வழங்குகிறோம். அதனால் நமது தச்சர்கள் லிஸ்பனிலே தொழில் பயின்றவர்கள் என்று எவரும் எழுதுவதில்லை. நம் சொல் பிறரிடம் போனால் மட்டும் நாம் உலகை ஆண்டோம் என்று எழுதுகிறோம். இது என்ன நியாயம்?

தர்சீசைப் பொறுத்தவரை, இன்று அறிஞர் பெரும்பாலும் மேற்கு நோக்கியே, ஸ்பெயினின் தென்கரையையே காட்டுகின்றனர். அங்கே ஊவெல்வா நகரிலே, சென்ற நூற்றாண்டின் இறுதியிற் கட்டட வேலைக்காகத் தோண்டிய மண்ணிலிருந்து, ஏறத்தாழ கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டுக்குரிய பினீசியப் பானையோடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. வெள்ளி பிரித்தெடுத்தமைக்கான தடயங்களும், யானைத்தந்தத்தைச் செதுக்கி எறிந்த துண்டுகளும் அவற்றோடு கிடந்தன. அரசன் பெயர் இல்லை, பட்டயம் இல்லை. உலைக்களத்திலே கருகியவனும், தந்தத்தை அறுத்தவனும் விட்டுச்சென்ற கழிவுகளே அங்கு சான்று.

பினீசியர் என்ற பெயரே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று; கிரேக்கர் இட்டது. செந்நிறத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்பர். அவர்களோ தம்மைத் தீர் நகரத்தார், சீதோன் நகரத்தார் என்று ஊர்ப்பெயராலேயே சொல்லிக்கொண்டனர். அந்தச் செந்நிறத்தின் விலையை அறிய வேண்டுமாயின் அரசரின் உடையைப் பார்த்துப் பயனில்லை; சீதோனில் மேடாகக் குவிந்துள்ள கடல்நத்தை ஓடுகளைப் பார்க்க வேண்டும். 1909இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஒருவர் 12,000 நத்தைகளிலிருந்து சாயம் எடுத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம். அழுகும் நத்தைக் குவியலின் நாற்றத்திலே நாள் முழுதும் குந்தியிருந்து அவற்றை உடைத்தவர் எவரோ, அவரே அந்தச் செம்பட்டின் ஆசிரியர்.

இன்னொரு சான்று இதனினும் இனியது. சிசிலித் தீவின் மார்சாலா அருகே, கடலடியிலிருந்து கார்தேஜியரின் கப்பலொன்றை ஓனர் பிறொஸ்ற் என்னும் பெண்மணி 1971 முதல் அகழ்ந்தெடுத்தார். அதன் மரங்களிலே பினீசிய எழுத்துக்கள் தீட்டப்பட்டிருந்தன. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு பொருந்த வேண்டும் என்பதற்காகத் தச்சர்கள் இட்ட அடையாளங்கள் அவை. உலகின் அரிச்சுவடிகள் பலவற்றுக்குத் தாயான அவ்வெழுத்து, ஒரு தச்சனின் கையிலே பலகைக்கு எண்ணிடப் பயன்பட்டிருக்கிறது. எழுத்தைப் பற்றி நாம் இதுவரை பாடிய புகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் எனக்கு இச்செய்தியே மேலாகத் தோன்றுகின்றது.

அவர்களுடைய நூல்களோ நம்மிடம் இல்லை. கி.மு. 146இல் ரோமர் கார்தேஜை அழித்தபோது, அந்நகரின் நூல்நிலையங்களை ஆபிரிக்கச் சிற்றரசர்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய 28 சுவடிகளை மட்டும் இலத்தீனிற் பெயர்க்குமாறு ரோம மூதவை ஆணையிட்டதாகப் பிளினி எழுதுகிறார். வென்றவனுக்கு வேண்டியிருந்தது தோற்றவனின் பாட்டன்று; பண்ணை நடத்தும் வழி. அந்த நூலும் பின்னர் அழிந்தது. ஆகவே இச்சமுதாயத்தைப் பகைவர் எழுதியதைக் கொண்டும், மண் காத்துவைத்ததைக் கொண்டுமே அறிகிறோம். இரண்டும் முரண்படும்போது மண்ணையே முதலிற் கேட்பது என்பது ஆய்வாளர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடம்.

கார்தேஜ் வரை சென்று வந்ததற்குக் காரணம் உண்டு. தம் சொல் ஒன்றையேனும் விட்டுச்செல்லாத ஒரு மக்கட் கூட்டம் நமது புத்தளக் கரையிலும் வாழ்ந்து மறைந்திருக்கிறது. கலா ஓயாவின் வடபுறத்தே, இன்றைய வில்பத்துக் காட்டினுள் உள்ள பொம்பரிப்பு அவர்களுடைய இடுகாடு. 1920களிலே ஹோகாட் காலத்திலும், 1956இலும், பின்னர் 1970இல் விமலா பெக்லி முதலியோராலும் அது அகழப்பட்டது. பெரிய தாழிகள், அவற்றினுள்ளும் அருகிலும் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள், வெண்கலப் பொருள்கள். உடலை முழுதாக வைக்காமல், பின்னர் பொறுக்கிய எலும்புகளையே தாழியில் இட்டனர். ஒரே தாழியிற் பலருடைய எலும்புகள் சேர்ந்து கிடந்தமையும் உண்டு. கடலுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை ஒத்திருப்பதை ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர்.

இத்தகைய செல்வத்தை அருகில் வைத்துக்கொண்டு நம் எழுத்தாளர் செய்வது யாது? பொம்பரிப்பைத் தாண்டிச் சென்று குதிரைமலையில் ஏறி நிற்கின்றனர். புறநானூற்றிலே பிட்டங்கொற்றன் ‘குதிரை’ மலைக்குத் தலைவன் எனப்படுகிறான்; அதுவே இக்குதிரைமலை என்று ஈழத்து வரலாற்றெழுத்தாளர் சிலர் எழுதினர்; மற்றவர் அதைப் படியெடுத்தனர். 168ஆம் பாட்டைப் படித்த மாணவனுக்கு ஐயம் எழாதா? அங்கே அருவி ஒலிக்கிறது, மூங்கில் அடர்ந்திருக்கிறது, மிளகுக்கொடி படர்கிறது. காட்டுப்பன்றி கிளறிய புழுதியிலே குறவர் உழாமலே தினை விதைக்கின்றனர். குறிஞ்சித்திணையின் இலக்கணமே அப்பாட்டு. நமது குதிரைமலையோ கடலுக்குள் நீண்ட செம்மண் முனை, வறண்ட பற்றைக்காடு, அருவி என்பது மருந்துக்கும் இல்லை. சேரனுக்குத் துணைநின்ற கொற்றனைக் கொங்குமலைப் பக்கத்திலே விட்டுவிடுவதே அவனுக்கும் நாம் செய்யும் மரியாதை. திணை அறிவைப் பரீட்சைக்குப் பயன்படுத்துகிறோம்; ஒரு கூற்று உண்மையா என்று சோதிப்பதற்குப் பயன்படுத்துவதில்லை.

பிளினி கூறும் ‘இப்பூரோஸ்’ துறையும் இக்குதிரைமலையே என்பர். அச்சொல்லிற் குதிரையைக் குறிக்கும் பகுதி இருப்பது மெய். ஆனால் அதுவே கிரேக்கத்தில் ஒரு மீனுக்கும் பெயர்! இச்சமன்பாடு முடியாததன்று, நிறுவப்பட்டதுமன்று. அந்தக் கதையில் என் மனத்தை ஈர்ப்பது வேறொன்று. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளோகமஸ் என்ற செல்வனின் பெயரைப் பிளினி எழுதுகிறார். காற்றால் அடிபட்டு இலங்கைக் கரையில் ஒதுங்கிய மனிதனுக்கு ‘அவனுடைய விடுதலை பெற்ற அடிமை’ என்பதற்குமேற் பெயரில்லை. எகிப்தின் பாலைவழியில் ஒரு பாறையிலே அதே செல்வனின் அடிமையாகிய லைசாஸ், கி.பி. 6இல் தான் அங்கு வந்ததைத் தன் கையாற் பொறித்துச் சென்றான். வரலாற்று நூலிற் கிடைக்காத இடத்தைக் கல்லிலே தானே தேடிக்கொண்டான் ஓர் ஊழியன்.

இந்தப் பெயர் வேட்டை வெறும் அறியாமையாயின் சிரித்துவிட்டுப் போகலாம். அதன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பெயரைக் கொண்டு உரிமை கோரியவர் இப்போது தாழியைக் கொண்டும் கோருகின்றனர். பொம்பரிப்பு எலும்புகளை ஒரு பக்கத்தார் தமிழர் என்கின்றனர். மறுபக்கத்தார் அப்படியோர் இடம் இருப்பதையே பேச விரும்பார். இருவருக்கும் தாழி ஒரு காணி உறுதி, அவ்வளவே. கா. இந்திரபாலா தமது ‘இலங்கையில் தமிழர்’ நூலிலே (2006) இந்நோய்க்கு மருந்து தந்திருக்கிறார். ஆதி இரும்புக்கால மக்களின் வழிவந்தோரே பிற்காலத்தில் சிங்களவராகவும் தமிழராகவும் உருப்பெற்றனர். பெயர்ந்தவை பெரும்பாலும் மொழியும் பண்பாடுமே என்பது அவர் கொள்கை. நம்மவர் அந்நூலைப் புகழ்ந்து மேற்கோள் காட்டிவிட்டுப் பழைய பல்லவியையே பாடுவதுதான் விந்தை.

பினீசியரைப் பற்றிய புதிய ஆய்வும் இவ்விடத்திலே துணைக்கு வருகிறது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த இடுகாடுகளிலிருந்து இருநூறுக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். கார்தேஜிய உலகின் மக்கள், பினீசிய மொழியும் எழுத்தும் தெய்வங்களும் கொண்டவர்கள். அவர்களிடம் லெபனான் கரையின் குருதி ஏறக்குறைய இல்லை. சிசிலியரும் ஏஜியன் பகுதியாரும் வட ஆபிரிக்கருமே கலந்து அச்சமுதாயம் ஆயினர்.

இதனை வகுப்பில் விளக்கியபோது மாணவி ஒருத்தி, “அப்படியென்றால் அவர்கள் பினீசியர் இல்லையா, சேர்?” என்று கேட்டாள். மறுமொழிக்குக் கார்தேஜ் வரை போக வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே எத்தனையோ மீனவக் குடும்பங்களிற் பாட்டி தமிழிலே செபம் சொன்னாள். பேத்தி சிங்களத்திலே சொல்கிறாள். பாடசாலையின் மொழி மாறியது. வழிபாட்டின் மொழி மாறியது. கடலுக்குப் போகும் நேரம் மாறவில்லை. கருவாடு காய்ச்சும் முறை மாறவில்லை. வடக்கே உடப்பில் அதே கடலில் தமிழிலே வலை இழுக்கின்றனர்; கற்பிட்டியில் முஸ்லிம்களும் அவ்வாறே. இரண்டாயிரம் ஆண்டின் பின் ஒருவர் இக்கரையைத் தோண்டி, வலைக்குண்டுகளைக் கையில் எடுத்து, எது எந்த இனத்துக்குரியது என்று எப்படிப் பிரிப்பார்?

தாழியிடம் கேட்கத்தக்க வேறு கேள்விகள் உள. அவ்வளவு பெரிய தாழியைச் சுட்ட சூளை எங்கே? களிமண் எந்த ஆற்றுப் படுகையது? எலும்பு பொறுக்கும் நாள் வரை காத்திருந்த உறவினர் என்ன உண்டனர்? வெண்கலத்துக்கு மாற்றாகக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது, முத்தா, சங்கா? இக்கேள்விகளோடு தொடங்கும் தமிழ்க் கட்டுரை ஒன்றை இம்மலர்களிலே நான் படித்ததில்லை.

புத்தள எல்லையைக் கடந்து சற்றே வடக்கே சென்றால் அரிப்பு. அங்கே போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கொண்ட சிறு கோட்டையொன்று இருக்கிறது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்கின்றனர். ஒரு பெயர் எவ்வளவு எளிதிற் சுவரில் ஒட்டிக்கொள்கிறது! அதன் அருகே, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டிய மாளிகை கடலரிப்பால் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. வருவோர் அந்தத் தூண்களைப் படம் எடுத்துச் செல்கின்றனர். கல்லைக் காலிற் கட்டி மூச்சடக்கி இறங்கியவர்கள் அள்ளிவந்த சிப்பிகளின் ஓடுகள், சீதோனின் நத்தை ஓடுகளைப் போலவே, அந்தக் கரையின் மணலோடு மணலாகக் கிடக்கின்றன.