எட்டு டிகிரி வெளிச்சம்

புதுச்சேரிக் கரைக்கு வெளியே, 18 மீட்டர் ஆழத்தில், சாம்பல் பூத்த ஒரு பாறைக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தேன். பார்த்தாயிற்று, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று திரும்பிய நேரத்தில் டைவ் மாஸ்டர் தம்பி என் தோளைத் தட்டினார். மணிக்கட்டில் தொங்கிய டார்ச்சைக் கழற்றி என் கையில் வைத்து, பாறையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பு! குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல அப்படியொரு சிவப்பு. ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கோப்பைப் பவளங்கள், நடுவே மஞ்சள் தெறித்த கடற்பஞ்சு, இடுக்குக்குள் மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு சிங்கிறால். டார்ச்சை நகர்த்தினால் நிறமும் கூடவே நகர்ந்தது. விட்டுவந்த இடம் மறுபடி சாம்பல். இத்தனைக்கும் மேலே பட்டப்பகல், பதினொரு மணி வெயில். டேங்கில் காற்று குறைந்து மேலேறும் நேரம் வரும்வரை அந்த ஒரு பாறையை விட்டு நான் அசையவில்லை. படகில் ஏறியதும் தம்பி சொன்னார்: "அக்கா, இனிமே டார்ச் இல்லாம நீங்க தண்ணிக்குள்ள இறங்க மாட்டீங்க பாருங்க." இன்றுவரை இறங்கியதில்லை.

டார்ச் என்றால் இருட்டுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கடலுக்குள் அது முதலில் நிறத்துக்கு. சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டரிலேயே அது மங்கிவிடும், பத்து மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அதற்கடுத்து மஞ்சள். மிச்சம் இருப்பது நீலமும் பச்சையும்தான். பாறை சிவப்பாகத்தான் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டிய ஒளிதான் அங்கே வந்து சேரவில்லை. கையில் வெள்ளை வெளிச்சம் இருந்தால் அந்த ஒளியை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: டார்ச் வெளிச்சமும் தண்ணீரைக் கடந்துதான் போகிறது, கடந்துதான் திரும்பி வருகிறது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று அடித்தால் அதன் சிவப்பையும் கடல் எடுத்துக்கொள்ளும். இரண்டு முழத் தூரத்துக்குப் போங்கள். அப்போது பாருங்கள் அந்த நிறத்தை!

சரி, எந்த டார்ச் வாங்குவது? என்னைக் கேட்டால் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்க்காதீர்கள், ஒளிக்கற்றை எத்தனை டிகிரி விரிகிறது என்று பாருங்கள். பார்ப்பவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது 120 டிகிரி விரியும் டார்ச். பெட்டியில் பெரிய லூமென் எண், கடைக்காரர் அதைத்தான் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அதை எடுத்துக்கொண்டு அதே புதுச்சேரிக் கடலில், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்த நாளில் இறங்கினேன். போட்டதும் கண் முன்னால் வெள்ளைச் சுவர். மார்கழி விடியலில் பனிமூட்டத்துக்குள் காரின் ஹை பீமைப் போட்டால் சாலை மறைந்து பனி மட்டும் பளீரென்று தெரியுமே, அதேதான். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை என் கண்ணுக்கே திருப்பியடித்தது. அகல வெளிச்சம் வீடியோ எடுப்பவர்களுக்கு. கேமராவின் இரண்டு பக்கமும் தண்டுகளை நீட்டி, விளக்குகளைத் தள்ளிவைத்து, பக்கவாட்டிலிருந்து அடிப்பார்கள். கண்ணால் பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது ஊசி போன்ற கற்றை.

இப்போது என்னிடம் இருப்பது எட்டு டிகிரி, ஆயிரம் லூமென். பெயரைச் சொல்லவில்லை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், டிகிரி மாறாது. அடிக்கும்போது நடுவில் கெட்டியான ஒரு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம். வட்டம் கலங்கலைத் துளைத்துக்கொண்டு இடுக்கின் கடைசிவரை போகும், வளையம் அக்கம்பக்கத்தைக் காட்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைந்த டார்ச்சை நான் தங்கம் என்பேன். போன மாதம் ஒரு பொந்துக்குள் இதை அடித்தபோது, ஒரு கை ஆழத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஓர் அஞ்சாலை. அதன் பல்லிடுக்கில் கண்ணாடி போல ஒரு குட்டி இறால் புகுந்து சுத்தம் செய்துகொண்டிருந்தது. இறாலின் கால்களை எண்ணியிருக்கலாம், அவ்வளவு துல்லியம்!

லூமென் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் தெரியாது, கொஞ்சம் கூடினாற்போல இருக்கும். பகலில் முக்குளிக்க 500 முதல் 1000 வரை தாராளம். "மூன்று மணி நேரம் எரியும்" என்று பெட்டியில் போட்டிருப்பதையும் கவனியுங்கள். டார்ச்சுகளுக்கான ஆன்சி எஃப்எல்-1 தரவிதியில், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரத்தையே எரியும் நேரமாகக் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அது மின்மினிதான். முழு வெளிச்சம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முக்குளிப்பு ஐம்பது நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குத் தாங்கினால் போதும். ஆழத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். முக்குளிப்புக்கென்றே செய்த டார்ச்சுகளில் பல 100 மீட்டர் தாங்கும்.

செல் விஷயத்தில் எனக்குப் பிடித்தது 18650. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரிலேயே அளவு இருக்கிறது. இதன் தம்பி 21700 இன்னும் கொஞ்சம் பருமன், கூடுதல் நேரம் உழைக்கும். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல்லை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். இந்த அளவுக்குள் ஏறத்தாழ 3500 வரைதான் அடங்கும், மேலே போட்டிருப்பது பொய். சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானம் ஏறும்போது டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். உதிரி லித்தியம் செல்கள் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, கூடவேதான் வர வேண்டும்.

சுவிட்சுக்கு வருவோம். தலையைத் திருகிப் போடும் டார்ச்சுகள் எளிமையானவை, பலருக்குப் பிரியமானவை. ஆனால் நீருக்கடியில் அணைப்பதற்காகத் திருகி, ஒரு சுற்று கூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். என் மனசு காந்த சுவிட்சில்தான். உடம்பில் துளையே கிடையாது. வெளியே ஒரு காந்தம் நகரும், உள்ளே இருக்கும் உணரி அதைப் புரிந்துகொள்ளும். கட்டைவிரல் ஒன்றே போதும். கரைக்கு வந்ததும் டார்ச்சை நல்ல தண்ணீரில் முக்கி, சுவிட்சை நாலு தடவை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டால் சிக்கிய மணல் வெளியேறிவிடும்.

டார்ச்சின் உயிர் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. முக்குளிப்புக்கு முந்தைய இரவு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்துவிடுவேன். செல்லைக் கழற்றி, அந்த வளையத்தை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளி எடுப்பேன். ஊசியால் நெம்பினால் கீறல் விழும். இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் மணல் பொடி ஒட்டியிருந்தாலும் தோல் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளத்தைத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை ஒரு எள்ளளவு எடுத்துத் தடவ வேண்டும். வளையம் மினுமினுக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. கிரீஸ் வழுவழுப்பைத்தான் தருகிறது, தண்ணீரைத் தடுப்பது வளையம். ஒருமுறை என் தலைமுடி ஒன்று குறுக்கே கிடந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். 12 மீட்டரில் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி, விளக்கு மங்கி அணைந்தது. ஒற்றை முடி! அன்று முதல் இந்தச் சடங்கை அவசரப்படுத்துவதில்லை. அதற்காகும் பத்து நிமிடமும் எனக்குச் சுகம்தான்.

படகிலேயே டார்ச்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எல்இடியின் சூட்டைத் தண்ணீர்தான் இழுக்கிறது. ஒரு விநாடி சரிபார்த்து அணைத்துவிட வேண்டும்.

இரவு முக்குளிப்பில்தான் இந்த எட்டு டிகிரியின் முழு அழகும் தெரியும். ஹேவ்லாக் தீவில், இப்போது ஸ்வராஜ் த்வீப், கரையோரப் பாறைத்திட்டில் என் தோழியோடு அந்தி மயங்கியதும் இறங்கினேன். கையில் ஒன்று, ஜாக்கெட்டில் மாட்டிய சிறிய மாற்று டார்ச் ஒன்று. இரவில் இரண்டு இல்லாமல் இறங்கக் கூடாது. கீழே யாரும் பேச முடியாது, வெளிச்சம்தான் மொழி. மணலில் மெதுவாக வட்டம் போட்டால் "நலம்", பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் "ஆபத்து, உடனே பார்". கூர்மையான கற்றையானதால் பத்து மீட்டர் தள்ளியிருந்த தோழிக்கு என் வட்டம் வட்டமாகவே தெரிந்தது. முகத்தில் மட்டும் அடிக்கவே கூடாது. கை சைகை காட்டுவதானால் வெளிச்சத்தை நம் கைமேல் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பகலில் மூடிக்கிடந்த கோப்பைப் பவளங்கள் ஆரஞ்சு இதழ்களை விரித்திருந்தன. ஒரு கிளிமீன், தானே சுரந்த கொழகொழப்பான உறைக்குள், கொசுவலைக்குள் குழந்தை போல உறங்கியது. அதன்மேல் நடுவட்டம் விழாமல் ஒளிவளையத்தின் ஓரம் மட்டும் படும்படி பிடித்துக்கொண்டேன். இடுக்குகளுக்குள் அடித்த இடமெல்லாம் இறால்களின் கண்கள், சோடி சோடியாகச் சிவப்புத் தணல். மணலில் ஒரு பேய்க்கணவாய் பழுப்பாக நடந்துவந்து, கல்லின் மேல் ஏறிய கணத்தில் கல்லின் நிறமாகவே மாறி, எங்கள் இருவரின் வெளிச்சத்துக்கு நடுவிலேயே காணாமல் போனது.

கடைசி ஐந்து நிமிடம் மணலில் மண்டியிட்டோம். தோழி டார்ச்சின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள், நானும் அழுத்திக்கொண்டேன். கும்மிருட்டு. கண் பழக ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவள் கையை வீசினாள். வீசிய வழியெல்லாம் பச்சை நீலப் பொறிகள் எழுந்தன, நுண்ணுயிர்கள் தொட்டதும் ஒளிர்ந்தன. நான் விரல்களை விரித்தேன், ஐந்து விரலிலிருந்தும் பொறி பறந்தது. என் மார்போரம், டார்ச் விளிம்பிலிருந்து ஒரு நூல் வெளிச்சம் கசிந்தது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, இன்னொரு கையை இருட்டுக்குள் மறுபடி வீசினேன்.