புனைபெயரும் பொறுப்பும்: ஈழத்துச் சிற்றேடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

தன் பெயரை வெளியிடத் துணிவற்றவனின் எழுத்துக்கு மறுமொழி கூறல் வேண்டுமா என்ற வினா, இலக்கிய விவாதம் சூடேறுந்தோறும் எழுப்பப்படுவது. இன்று மின்வழிக் குழுக்களிற் கவிதையும் ஒளிப்படமும் பகிர்ந்துகொள்வோரிடத்தும் அடையாள அட்டையைக் காட்டிய பின்னரே பேசுக என்னுங் கோரிக்கை இதே தர்க்கத்துடன் வைக்கப்படுகின்றது. மெய்ப்பெயர் நேர்மைக்குச் சான்று, புனைபெயர் கோழைமைக்குச் சான்று என்ற இக்கொள்கை நம் இலக்கிய வரலாற்றின் முன் எவ்வளவு நிற்கும் என்பது ஆராயற்பாலது.

ஈழத்தில் எழுத்தை நம்பிப் பிழைத்தோர் மிகச் சிலரே. ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஓய்வுநேரத்தில் வளர்த்த பயிர் அது. 1946 முதல் 1948 வரை வெளிவந்த ‘மறுமலர்ச்சி’யோடு பெயர் இணைந்த வரதர், தி. ச. வரதராசன். அளவெட்டி உருத்திரமூர்த்தி ‘மஹாகவி’ ஆனார். பெரிய நீலாவணைச் சின்னத்துரை ஊரையே பெயராக்கி ‘நீலாவணன்’ ஆனார். நிருவாக சேவையிற் பதவி வகித்த க. குணராசாவைச் ‘செங்கை ஆழியான்’ என்றால்தான் வாசகர் அறிவர். இவர்களுள் எவரும் ஒளிந்திருந்தவரல்லர். ஒரே பெயரில் ஆண்டுக்கணக்காக எழுதி, அப்பெயருக்கு வந்த புகழையும் ஏச்சையும் தாமே சுமந்தனர். பிறப்புப் பதிவேட்டிலுள்ள பெயரினும் இவர்கள் தேடிக்கொண்ட பெயருக்கே இலக்கிய உலகிற் பொறுப்பு மிகுதி எனின் அது மிகையன்று.

ஆயினும் எதிர்த்தரப்பாரின் ஆட்சேபம் வெறுமையானதன்று. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேறியதைத் தொடர்ந்து மூண்ட பூசலில், ‘போலியருட்பா மறுப்பு’ மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் வெளிவந்தது. எழுதியவர் நல்லூர் ஆறுமுக நாவலரே என்பது பின்வந்தோர் பலரின் முடிபு. தம் பெயரிலேயே கண்டனம் எழுத அஞ்சாதவர் நாவலர். ஆதலால் அச்சத்தின் பாற்பட்டதென அதனைக் கூறவியலாது. என்றாலும், கண்டிக்கப்பட்டவர் யாருக்கு விடையிறுப்பது என்ற சிக்கல் அங்கு எழவே செய்கின்றது. ஒருவரே இரு பெயரில் எழுதித் தம்மைத் தாமே மெச்சிக்கொள்வது இச்சிக்கலின் கீழ்த்தர வடிவம். சிற்றேடுகளின் பழைய இதழ்களைப் புரட்டுவோர் நடையைக் கொண்டே சில வேளைகளில் இதனை ஐயுறலாம்.

எனினும் மெய்ப்பெயர்க் கட்சியினர் காணத் தவறுவது ஒன்றுண்டு. பெயர் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் முதலெழுத்து தந்தையைக் காட்டும். ஊர்ப்பெயர் அடுத்த வினாவுக்கு வழிவிடும். அவ்வினாவின் முடிவிற் சாதி வந்து நிற்கும். கவிதையைப் படிக்குமுன் கவிஞரைப் படித்துவிடும் சமூகத்திற் பெயரை நீக்குதல் வாசகரின் கண்ணை எழுத்தின்பால் திருப்பும் உபாயமுமாகும். இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. சிகை அலங்கரிப்பு நிலையத்திலிருந்து 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா தம் தொழிலையோ பிறப்பையோ மறைத்தாரல்லர், வெளிப்படையாக நிற்பதே அவருக்குப் போராட்டமாயிற்று. அவர் பெயரிலுள்ள ‘ஜீவா’வும் ப. ஜீவானந்தத்தின் மீதான பற்றினால் வந்து சேர்ந்ததென்பது சுவையான செய்தி.

எண்பதுகளில் இவ்விவாதம் உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1985இல் ‘புதியதோர் உலகம்’ என்னும் நாவல், விடுதலை இயக்கமொன்றின் உட்கொடுமைகளை அதனுள்ளே இருந்து கண்டவரின் குரலிற் பேசிற்று. அட்டையில் இருந்த பெயர் கோவிந்தன். அந்நாவலைப் பெயரோடு எழுதுக என்று கோரியிருப்பின் நாவலே இராது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ பத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்டது. ஊர்வசி, மைத்ரேயி என முதலெழுத்தும் ஊருமற்ற ஒற்றைப் பெயர்கள் அதில் உள. ‘முறிந்த பனை’யின் ஆசிரியர் நால்வரோ தம் மெய்ப்பெயர்களையே இட்டனர். அவருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, இப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பெயரிட்டவரின் துணிவு போற்றற்குரியது. ஆனால் அத்துணிவைப் பிறர்மீது விதியாகச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. 1991இற் கடத்தப்பட்ட கவிஞர் செல்வியை அவரது ஒற்றைப் பெயரும் காக்கவில்லை என்பதையும் உடன் கருதல் வேண்டும். சிற்றூரிற் புனைபெயர் என்பது மெல்லிய திரையே.

அவ்வாறாயின் வாசகருக்கு உத்தரவாதம் யாது? சிற்றேடுகள் கண்ட வழி எளியது. எழுதியவர் யாரென்பது இதழாசிரியருக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. அவதூறு எழுந்தால் இதழாசிரியர் முன்வந்து பொறுப்பேற்பார். ஒரு மனிதரின் நாணயத்தில் தங்கிய ஏற்பாடு அது. அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்க முனைந்த தென்கொரியாவின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது. பெருந்தொகையினர் புழங்கும் இணையத்தளங்களில் எழுதுவோர் அடையாளத்தை உறுதிப்படுத்தல் வேண்டுமென்னும் சட்டம் அங்கு 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஒரே களவில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. மறு ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பெயர்களைத் திரட்டி வைப்பவரிடம் அவற்றைக் காக்கும் வல்லமை உண்டா என்ற வினாவே முதலிற் கேட்கப்பட வேண்டியது.

இவ்வினா ஆய்வாளர்க்கும் உரியது. இன்னார் என்பவர் இன்னாரே எனப் பட்டியலிடுவதில் நம் ஆய்வேடுகள் காட்டும் உற்சாகம் அளவு கடந்தது. மஹாகவியை உருத்திரமூர்த்தி எனக் குறிப்பதால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் எண்பதுகளில் ஒரேயொரு கவிதையை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்ட பெண்ணொருத்தி, அதனை அறியாத குடும்பத்தாரிடையே இன்றும் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் பெயரைப் பின்னிணைப்பிற் சேர்க்குமுன் அவளிடம் கேட்டவர் எத்தனை பேர்?