ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ எஞ்சின்: எந்த ஸ்பீடு சென்சார் சரி?

பழைய கார்புரேட்டர் ஜிப்சியில் 1.3 லிட்டர் ஜி13பிபி எம்பிஎஃப்ஐ எஞ்சினை ஏற்றுபவர்கள் மவுண்ட், ரேடியேட்டர், ஃப்யூல் பம்ப் என்று எல்லாவற்றுக்கும் மெனக்கெடுவார்கள். கடைசியில் வயரிங்கில் ஒரு வயர் மட்டும் தொங்கும். "அது மீட்டருக்குப் போறதுதான் சார், விடுங்க" என்று டேப் சுற்றிவிடுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும். ஆனால் சிக்னலில் கிளட்சை மிதித்து உருண்டு வந்து நிற்கப்போகும் நேரத்தில் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும்.

அந்த வயர் ஸ்பீடு சென்சாரிலிருந்து எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியுவுக்குப் போவது. வண்டி உருள்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்தால்தான் ஐடிலை எப்படிப் பிடிப்பது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பெட்ரோலை எப்போது நிறுத்தி எப்போது திரும்பத் தருவது என்று இசியு முடிவு செய்யும். சென்சாரோ எஞ்சினில் இருப்பதில்லை. அது மீட்டரிலோ கியர்பாக்ஸ் பக்கமோ இருக்கும். அதனால் எஞ்சினை மட்டும் கழற்றி வந்தால் சென்சார் பழைய வண்டியிலேயே தங்கிவிடும்.

மூன்று வழிகள்

முதல் வழி, ரீட் ஸ்விட்ச் உள்ள மீட்டர். சுசுகியின் பல கேபிள் மீட்டர்களில் காந்தமும் ஸ்விட்சும் உள்ளேயே இருக்கும். கேபிள் ஒரு சுற்று சுற்றினால் நான்கு பல்ஸ் வரும். வேலை சுத்தமாக முடியும். ஆனால் நல்ல நிலையில் மீட்டர் கிடைப்பது கஷ்டம். கேபிள் அறுந்தால் இசியுவுக்கும் சிக்னல் போய்விடும்.

இரண்டாவது, ஜிபிஎஸ் மாட்யூல். கேபிளைத் தொடவே வேண்டாம் என்பது கவர்ச்சிதான். ஆனால் வண்டி நின்ற செய்தி சற்றுத் தாமதமாகவே வரும். இசியுவுக்கு முக்கியமே அந்தத் தருணம்தான். டிஜிட்டல் மீட்டருக்கு ஜிபிஎஸ் போதும், இசியுவுக்குப் போதாது.

மூன்றாவது, கேபிளுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் திருகிப் பொருத்தும் மூன்று வயர் ஹால் சென்சார். நான் பொருத்தியது இதைத்தான். ஜிப்சியில் ஸ்பீடோ கியர் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், எஞ்சின் மாறினாலும் கேபிள் சுற்றும் கணக்கு மாறாது. பழைய மீட்டர் அப்படியே வேலை செய்யும்.

பொருத்துவதும் வயரிங்கும்

சென்சாரின் நீளம் கூடுவதால் கேபிள் பாதையைச் சற்று மாற்ற வேண்டும். வளைவு இறுக்கமானால் மீட்டர் முள் ஆடும்.

மூன்று வயர்களில் ஒன்று சாவி போட்டால் வரும் 12 வோல்ட். அதற்குத் தனியாக ஒரு சிறிய பியூஸ் போடுங்கள். இரண்டாவது எர்த். இதை சேசிஸ் போல்ட்டில் மாட்டாமல் இசியுவின் சென்சார் எர்த்தோடு சேர்ப்பது நல்லது. மூன்றாவது சிக்னல். இசியு இந்த வயரில் வோல்டேஜை வைத்திருக்கும், சென்சார் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடும். அந்த விட்டுவிட்டு வரும் துடிப்புதான் பல்ஸ். இந்த வயரை இக்னிஷன் காயில், பிளக் வயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அடியில் சேறும் தண்ணீரும் அடிக்கும் என்பதால் சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுவது அவசியம்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இரண்டு வயர் காயில் சென்சார் இந்த வேலைக்கு ஆகாது. அது தருவது ஏசி அலை, மெதுவாக உருளும்போது அதுவும் மங்கிவிடும்.

சோதனை

கேபிளை டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கழற்றாமலே பார்க்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்குங்கள். நியூட்ரலில், சாவி போட்ட நிலையில், சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் சேர்த்துச் சுற்றினால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கி ஏற வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் டிஃபரன்ஷியல் காரணமாக புரொப்பல்லர் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், எண்ணிக்கை குழப்பும்.

ஜப்பானிய தரக் கணக்கில் கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று. சுற்றுக்கு நான்கு பல்ஸ் என்றால் 2,548. எட்டு பல்ஸ் சென்சாரை வாங்கிவிட்டால் 40 கி.மீ. வேகத்தை இசியு 80 என்று படிக்கும். டயர் மாற்றுவது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 205/70 ஆர்15-க்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் வித்தியாசம் சுமார் 5 சதவீதம்தான். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63 போவீர்கள், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்ததில்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறக்கம் இதற்கு நல்ல தேர்வு. கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து, மீண்டும் எடுக்கும்போது எஞ்சின் திணறவில்லை. பர்லியாறில் டீக்கு ஒதுங்கியபோதும் ஐடில் இறங்கி, நடுங்காமல் நின்றது. பவர் கூடியதாகத் தெரியவில்லை, சென்சாரால் அது கூடவும் செய்யாது.

நிறை: பழைய மீட்டரை மாற்ற வேண்டாம், சிக்னல் தெளிவு, சோதிப்பது எளிது.

குறை: கேபிள் பாதையை மாற்ற வேண்டும், கனெக்டரின் தண்ணீர்த் தடுப்பு போதாது, நாமே சீல் செய்ய வேண்டும்.

தீர்ப்பு: கேபிள் மீட்டரை வைத்துக்கொண்டே எம்பிஎஃப்ஐ ஏற்றுபவர்களுக்கு ஹால் சென்சார்தான் சரி. கடையில் "ஸ்பீடு சென்சார்" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று வயர், சுற்றுக்கு நான்கு பல்ஸ், உங்கள் கேபிளின் திருகு அளவு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் புது எஞ்சின் நம்பரைப் பதிவதையும் இந்த வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.